பாரனை வெறுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை: ஃபேன்டஸி கேம்களில் குறையுள்ள மனிதர்கள்

மூலக்கொத்தளம் எழுதியது:

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. பல கேம்களின் கதை முடிவுகள் இந்த இழையில் வெளிப்படையாகப் பேசப்படும். ஆடாதவர்கள் ஆடி முடித்துவிட்டு வரலாம். நாங்கள் எங்கேயும் போய்விட மாட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டான். “மாமா, அந்த கேமில் பேய், சூனியக்காரி, பறக்கும் மிருகம் என்று எத்தனையோ இருக்கும்போது, நீங்கள் ஏன் எப்போது பார்த்தாலும் அந்தக் குடிகாரனைப் பற்றியே பேசுகிறீர்கள்?” அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

அவன் சொன்ன குடிகாரன், போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்’ கேமில் வரும் பிளடி பாரன். வெலன் என்ற சதுப்பு நிலத்தில், பழைய பிரபு ஓடிப்போன கோட்டையைப் பிடித்துக்கொண்டு அதிகாரம் செய்யும் படைத்தலைவன். நாயகன் கெரால்ட், தான் மகளாக வளர்த்த சிரியைத் தேடிக்கொண்டு அவனிடம் போகிறான். பாரன் நன்றாக உபசரிக்கிறான், வாய்விட்டுச் சிரிக்கிறான், சிரி தன்னிடம் வந்து தங்கியிருந்த நாட்களைப் பற்றிப் பாசத்தோடு பேசுகிறான். காணாமல் போன தன் மனைவி அன்னாவையும் மகள் டமாராவையும் கண்டுபிடித்துக் கொடுத்தால் மீதியையும் சொல்வதாக வாக்களிக்கிறான். மணிக்கணக்கில் ஆடிய பிறகுதான் நமக்கு உண்மை தெரிகிறது. அவர்களை யாரும் கடத்தவில்லை. அவன் அடிக்குப் பயந்து ஓடியிருக்கிறார்கள். கர்ப்பமாக இருந்த மனைவிக்குக் குழந்தை தங்காமல் போயிருக்கிறது. பெயர் வைக்காமல் புதைத்த அந்தக் குழந்தை, இரவில் அலையும் கோரமான உருவமாக எழுந்து நிற்கிறது.

அந்த இரவுக் காட்சியை நான் மறக்கவில்லை. குழந்தைப் பேயை வெட்டிச் சாய்க்க ஒரு வழி இருக்கிறது. இன்னொரு வழியில், பாரன் அதைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கோட்டை வாசல்படி வரை நடக்க வேண்டும். வழியில் வரும் ஆவிகளை நாம் விரட்ட வேண்டும். வாசல்படிக்கடியில் குழி தோண்டி, அதற்குப் பெயர் சொல்லி, தன் மகளாக ஏற்றுக்கொண்டு அவன் மன்னிப்புக் கேட்கிறான். கொடூரமான ஒரு ஆள் கொடூரமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு கைநடுங்க நடப்பதைப் பார்த்துக்கொண்டு, அவனுக்குக் காவலாக நாம் பின்னால் போகிறோம்.

என் எண்ணம் இதுதான்: குறை இருப்பதால் மட்டும் ஒரு பாத்திரம் மனதில் நிற்பதில்லை, பழகிய பிறகு குறை தெரியவருவதால்தான் நிற்கிறது. நான் வளர்ந்த சந்தில் ஒருவர் இருந்தார். லாரித் தண்ணீர் வரும் நாளில் வரிசையில் நிற்க முடியாத என் பாட்டியின் குடங்களை அவர்தான் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போய் வைப்பார். எனக்குக் கேரம் போர்டில் ஸ்டிரைக்கரை எந்த விரலால் சுண்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததும் அவர்தான். இரவில் அந்த வீட்டிலிருந்து என்ன சத்தம் வந்தது என்பது எனக்குப் பதினொரு வயதில்தான் புரிந்தது. புரிந்த பிறகும் மறுநாள் காலையில் அவர் குடம் தூக்கினார். நான் எந்த முகத்தோடு அவரைப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வட சென்னை என்றதும் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறையை முதலில் பார்த்துவிட்டு அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே இருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. நல்ல எழுத்துள்ள ஒரு கேம் நம்மை அந்த உள்ளே இருப்பவனின் இடத்தில் நிறுத்துகிறது.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ராயபுரத்தான் எழுதியது:

அருமையாகத் தொடங்கியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் வரிசைக் கணக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது. லோகெயினை எங்கே வைப்பீர்கள்?

பயோவேர் நிறுவனத்தின் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ 2009இல் வந்தது. ஒஸ்டகார் போரில் தீபம் ஏற்றியதும் பக்கவாட்டிலிருந்து படையோடு இறங்க வேண்டியவன் தளபதி லோகெயின். தீபம் எரிகிறது; அவன் படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். அரசன் கெய்லன் களத்தில் சாகிறான். அவன் லோகெயினுக்கு மருமகன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, இந்த ஆளை நாம் சந்தித்த சில நிமிடங்களிலேயே துரோகம் கண்முன் நடந்துவிடுகிறது. பழகிய பிறகு தெரிந்த குறையாக இதைச் சொல்லவே முடியாது. பிறகு 30, 40 மணி நேரம் அவனைக் கொல்லும் நாளுக்காகவே நாடு முழுக்க ஆள் திரட்டுகிறோம். அந்தக் காலத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு பக்கம் வெளியே வருகிறது. ஆர்லே பேரரசின் பிடியிலிருந்து இந்த நாட்டை மீட்ட போரில் கெய்லனின் தந்தையோடு தோளோடு தோள் நின்றவன் இவன். அதே ஆர்லேயிடம் உதவி கேட்கத் துணிந்த இளம் அரசனைப் பார்த்து அவனுக்குப் பற்றி எரிந்திருக்கிறது. அதற்காக அவன் செய்தவற்றை வெள்ளையடிக்க முடியாது. தலைநகரின் ஏழை எல்ஃப் இனத்தாரை அடிமை வியாபாரிகளுக்கு விற்றுப் போருக்குப் பணம் சேர்த்தவன் அவன்.

கடைசியில் சபையில் வைத்துத் தோற்கடித்ததும் ஒரு கேள்வி வருகிறது. வெட்டிவிடலாம், அல்லது நம் படையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால், தொடக்கத்திலிருந்து நம்மோடு வந்த அலிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிவிடுகிறான்; அவனைத் தன் படையில் சேர்த்து வழிகாட்டிய டங்கன் செத்ததும் அதே ஒஸ்டகாரில்தான். நான் முதல் முறை யோசிக்காமல் வெட்டினேன். இரண்டாம் முறை சேர்த்துக்கொண்டேன். முகாம் நெருப்பருகில் அலிஸ்டர் நிற்கும் இடத்தில் அந்த ஆள் நிற்பதைப் பார்த்ததும் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் அவனிடம் பேச்சுக் கொடுக்காமலும் இருக்க முடியவில்லை.

அதனால் முன்பின் வரிசை முக்கியமில்லை என்பது என் கட்சி. முதலில் தெரிந்ததும் பிறகு தெரிந்ததும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பெரம்பூர் பாசஞ்சர் எழுதியது:

நான் இதையெல்லாம் கைப்பேசியில் ஆடுகிறவன், அதுவும் ரயிலில். எனவே பழைய காலத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

‘ஃபைனல் ஃபேன்டஸி 4’ ஜப்பானில் முதலில் வெளியான ஆண்டு 1991. அதன் நாயகன் சிசில் ஓர் இருள் வீரன். கேம் தொடங்கும்போதே அவன் ஒரு கொள்ளையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறான். மிசிடியா என்ற அமைதியான ஊரில் நுழைந்து, எதிர்க்காதவர்களை வெட்டி, அவர்கள் காத்துவந்த படிகத்தைப் பிடுங்கி வந்திருக்கிறான். அடுத்து அரசன் கொடுத்த ஒரு பொட்டலத்தை மிஸ்ட் கிராமத்தில் சேர்ப்பிக்கப் போகிறான். பொட்டலத்தைத் திறந்ததும் கிராமம் தீப்பிடித்து எரிகிறது. எஞ்சுவது ஒரு சிறுமி; அவள் தாய் சாவதற்கும் இவன்தான் காரணம். இந்தச் சிறுமிதான் பின்னால் நம் குழுவில் வருகிறாள்.

நான் சொல்ல வந்தது வேறொரு இடம். கப்பல் உடைந்து அவன் தனியாகக் கரை ஒதுங்கும் ஊர் எது என்று பார்த்தால், அதே மிசிடியா. ஊர்க்காரர்களிடம் பேசப் போனால் சிலர் மந்திரம் போட்டுத் தவளையாக்குகிறார்கள், பன்றியாக்குகிறார்கள். வேறு எந்த கேமிலும் ஊருக்குள் நுழைந்தால் கடை எங்கே, சத்திரம் எங்கே என்றுதான் தேடுவோம். இங்கே எந்த வீட்டுக் கதவைத் தட்டவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு அவன் மலையேறித் தன் பழைய உருவத்தோடு மோத வேண்டும். அந்தச் சண்டை வந்தபோது என் வண்டி வழக்கம்போல் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது. நான் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்து செத்தேன். மறுபடியும் வெட்டினேன், மறுபடியும் செத்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், “தம்பி, அது உன்னை அடிக்கச் சொல்லவில்லை போலிருக்கிறதே” என்றார். எழுத்தைப் படித்துப் பார்த்தேன், உண்மைதான். வாளை இறக்கிவிட்டு அடியை வாங்கிக்கொண்டு நிற்பதே வழி. நின்று முடித்ததும் அவன் ஒளி வீரன் ஆகிறான், ஆனால் லெவல் 1க்குப் போய்விடுகிறான். அதுவரை சேர்த்த பலம் எல்லாம் போயிற்று. திருந்துவதற்கு இவ்வளவு செலவாகும் என்று வசனத்தில் சொல்லியிருந்தால் நான் தாண்டிப் போயிருப்பேன். எண்ணைக் குறைத்துக் காட்டியதும் வலித்தது.

எண்ணூர் நெய்தல் எழுதியது:

மூன்று பதிவுகளையும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு நேராகக் கேட்கிறேன். குறையுள்ள பாத்திரம் என்றதும் உங்கள் மூவருக்கும் ஏன் ஆண்களே நினைவுக்கு வந்தார்கள்?

பாரனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பேசுகிறான், அழுகிறான், விளக்கம் கொடுக்கிறான். தான் போரில் இருந்தபோது மனைவிக்கு வேறொருவனோடு உறவு ஏற்பட்டது, அவனைத் தான் கொன்றது, அதன்பின் வீடு நரகமானது என்று நீளமாகச் சொல்கிறான். அன்னா என்ன சொல்கிறாள்? நாம் அவளைக் கண்டுபிடிக்கும்போது சூனியக்காரிகளின் பிடியில் புத்தி தடுமாறிச் சதுப்புக் காட்டில் அனாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வயிற்றில் இருந்த குழந்தை வேண்டாம் என்று அந்தச் சூனியக்காரிகளிடமே போய் ஓர் ஒப்பந்தம் செய்து, அதற்கு ஈடாக ஓராண்டு ஊழியம் செய்யச் சம்மதித்தவள் அவள். எவ்வளவு பயங்கரமான, எவ்வளவு சிக்கலான முடிவு அது! அந்த இரவு அவள் என்ன நினைத்தாள் என்று அவள் வாயால் விரிவாகக் கேட்க நமக்கு வழியே இல்லை. குறை இருவருக்கும் இருக்கிறது. குரல் ஒருவனுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். நாம் பாரனின் பக்கம் சாய்வதில் பாதி, எழுத்தின் நுட்பத்தால் வருவது. மீதிப் பாதி, அவன் மட்டுமே பேசுவதால் வருவது.

சிலப்பதிகாரத்தில் கோவலனின் குறையை இளங்கோ மறைக்கவில்லை. பொருளைத் தொலைத்துவிட்டு வெட்கத்தோடு வீடு திரும்புகிறான். நமக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது. ஆனால் அவன் இறந்த பிறகு காப்பியம் கண்ணகியின் கையில் இருக்கிறது. அவள் வழக்குரைக்கிறாள், அவள் ஊரை எரிக்கிறாள். அவள் செய்தது சரியா என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஓர் இடத்தை அன்னாவுக்கு அந்த கேம் கொடுத்திருக்கலாம்.

கொடுத்த கேம்களும் உண்டு. 2018இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ கேமில் ஃபிரேயா வருகிறாள். தன் மகன் பால்டர் சாகக்கூடாது என்று மந்திரம் போட்டுவிடுகிறாள். அதன் விளைவாக அவனுக்கு எந்த உணர்ச்சியும் இல்லை. வலி தெரியாது, உணவின் ருசி தெரியாது. மகன் கெஞ்சியும் அவள் அதை எடுக்க மறுக்கிறாள். கடைசியில் அவன் அவள் கழுத்தை நெரிக்கும்போது, நாயகன் க்ராடோஸ் அவளைக் காப்பாற்ற அவனைக் கொல்கிறான். காப்பாற்றியவனைப் பார்த்து அவள் நன்றி சொல்லவில்லை, சாபமிடுகிறாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று மூச்சு முட்டப் பிடித்துக்கொள்ளும் தாய்மார்களை எனக்குத் தெரியும். என் தாயும் அப்படித்தான். அதனால் அவள் செய்தது எவ்வளவு கொடுமை என்று தெரிந்தும், அந்தக் கடைசிக் காட்சியில் அவள் பக்கம்தான் நின்றேன்.

மூலக்கொத்தளம் எழுதியது:

நெய்தல், தவறை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு எனக்கு உறைத்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே நான் எழுதிய சந்துக் கதையிலும் அந்த வீட்டு அக்கா ஒரு வரிகூடப் பேசவில்லை. ‘சத்தம்’ என்று எழுதியிருக்கிறேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்னார் வீட்டுக்காரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

ராயபுரத்தானின் திருத்தத்தையும் ஏற்கிறேன். வரிசையைக் கைவிடுகிறேன். ஆனால் என் பக்கத்தில் ஒன்று மிச்சம் இருக்கிறது. புத்தகத்தில் ஒருவன் தவறு செய்தால் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேமில் அந்தத் தவறு என் கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு நான் ஆடியவற்றில் சிறந்த உதாரணம் ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’. பிளாக் ஐல் நிறுவனம் உருவாக்கி 1999இல் வெளிவந்தது. பர்மா பஜாரில் வாங்கிய பழைய சிடி ஒன்றில் அதை முதலில் பார்த்தபோது, பிணவறை மேசையில் உடம்பெல்லாம் தழும்போடு எழுந்து உட்காரும் ஒருவனை நாயகன் என்று நம்பவே எனக்கு நேரம் பிடித்தது.

அவனுக்குப் பெயர் இல்லை, சாவு இல்லை, நினைவும் இல்லை. செத்துச் செத்து எழுகிறான். எழும்போது முந்தைய வாழ்வை மறந்துவிடுகிறான். அவனோடு டாக்கன் என்ற வயதான வாள்வீரன் வருகிறான், சாகும்வரை கூட இருப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறான். அவனிடம் ஒரு கல்வட்டம் இருக்கிறது. அதைத் தட்டுத் தட்டாகத் திருப்பினால் அவன் இனத்தின் மூதாதையரின் போதனைகள் வெளிப்படும். நமக்கு அதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்கிறான், நாமும் பயபக்தியோடு கேட்கிறோம். போகப்போகத்தான் புரிகிறது. முன்னொரு பிறவியில் நம் நாயகன், நம்பிக்கை இழந்து செத்துக்கொண்டிருந்த டாக்கனைப் பார்த்திருக்கிறான். அவன் வாள் தனக்குப் பயன்படும் என்று கணக்குப் போட்டு, அவன் நம்பிக்கை மீளும்படி அந்தக் கல்வட்டத்தைத் தானே செய்து கொடுத்திருக்கிறான். நன்றியில் டாக்கன் சத்தியம் செய்தான்: உன் சாவு வரை. எஜமானுக்கோ சாவே கிடையாது.

அதைச் செய்தது நானில்லை. அதைச் செய்தவனின் உடம்பில்தான் நான் நடந்துகொண்டிருக்கிறேன். டாக்கனின் முகத்தைப் பார்த்துப் பதில் தேர்ந்தெடுக்க வேண்டியதும் நான்தான். குற்றமற்ற வீரனை வைத்து இந்த நெருடலை எந்த எழுத்தாளராலும் உண்டாக்க முடியாது.

கொருக்குப்பேட்டை கேட் எழுதியது:

தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சுருக்கமாக ஒரு குறிப்பு. குறையுள்ள பாத்திரத்தை எழுதுவது ஒரு வேலை, அதை கேமின் விதிகளுக்குள் கொண்டுவருவது வேறொரு வேலை. 1985இல் வந்த ‘அல்டிமா 4’ இதற்கு முன்னோடி. கடைசியில் கொல்ல ஒரு பெரிய வில்லன் இல்லாமல், 8 அறங்களில் தேறுவதையே அது குறிக்கோளாக வைத்தது. கடைக்காரம்மாவுக்குப் பார்வை இல்லை என்று காசைக் குறைத்துக் கொடுத்தால் கேம் அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு வந்த பலர் அதையே அளவுகோலாக மாற்றினார்கள். 2004இல் வெளியான ‘ஃபேபிள்’ கேமில் கெட்டது செய்தால் நாயகனுக்குக் கொம்பு முளைக்கும், நல்லது செய்தால் தலைக்குமேல் ஒளிவட்டம் வரும். சிரிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொம்பு தெரிந்துவிட்டால் நாம் மனிதனை விட்டுவிட்டு மீட்டரை ஆடத் தொடங்கிவிடுகிறோம். நாலு பேருக்குத் தானம் கொடுத்தால் ஒரு கொலை சரியாகிவிடும் என்ற கணக்கு வந்துவிடும்.

விட்சரில் அந்த மீட்டர் கிடையாது. காட்டு மேட்டில் மரத்துக்குள் அடைபட்ட ஆவியை விடுவிக்கிறோமா, கொல்கிறோமா என்பதை, அது யார் என்றே தெளிவாகத் தெரியாமல் முடிவு செய்கிறோம். விடுவித்தால் அனாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள், ஆனால் அன்னா இறந்துபோவாள், பாரன் தூக்கில் தொங்குவான். கொன்றால் குழந்தைகள் காணாமல் போவார்கள். பாரன், புத்தி பேதலித்த மனைவியை வைத்தியத்துக்காக மலைநாட்டுக்கு அழைத்துப் போவான். விளைவு நெடுநேரம் கழித்து வருவதால் பழைய சேவ் ஃபைலைத் திறந்து திருத்திக்கொள்ள நமக்கே சலிப்பாகிவிடும். என் விஷயத்தில் மின்வெட்டு வேறு உதவி செய்தது. இருந்த ஒரே சேவ் ஃபைலும் கெட்டுப்போய், முடிவு முடிவாகவே நின்றுவிட்டது.

புளியந்தோப்பு 12 எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் எதிர்ப்பக்கம் யாராவது பேச வேண்டும். எனக்கு இந்தக் குறை மோகம் சலித்துவிட்டது. இப்போதெல்லாம் வரும் ஒவ்வொரு நாயகனும் முகத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, சாப்பாட்டுக்குப் பதில் சாராயம், பேச்சில் ஒரு விரக்தி என்று வருகிறான். குறை என்பது முகப்பூச்சு ஆகிவிட்டது. லட்சணமான முகம் இருந்தால் எந்தக் குறையும் அழகாகிவிடுகிறது என்பதும் இருக்கிறது. 2023இல் லேரியன் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமில் வரும் அஸ்டாரியனைப் பாருங்கள். இரத்தக் காட்டேரி, பொய்யன், இரவில் தூங்கும் நம் கழுத்திலேயே பல் வைக்கப் பார்த்தவன். அவனுக்கு இருக்கும் ரசிகர் கூட்டத்தைப் பாருங்கள். அதே குணங்களோடு ஓர் அவலட்சணமான கோப்ளின் வந்திருந்தால் முதல் இரவே வெட்டிப் போட்டிருப்பார்கள். நேர்மையான ஒருவனைச் சுவாரசியமாக எழுதுவதுதான் கடினம். அதை யாரும் முயல்வதில்லை.

எண்ணூர் நெய்தல் எழுதியது:

அண்ணா, கோப்ளின் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். நானும் வெட்டியிருப்பேன்.

ஆனால் அஸ்டாரியனை முழுதாக ஆடிப் பார்த்தீர்களா? 200 ஆண்டுகள் ஒரு எஜமானுக்கு அடிமையாக இருந்தவன் அவன். முதுகில் எஜமான் கத்தியால் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. அழகைக் காட்டி ஆட்களை மயக்கி அழைத்து வருவதுதான் அவனுக்கு இட்ட வேலை. நீங்கள் சொல்லும் அந்த லட்சணமே அவனைப் பூட்டிய விலங்கு. கடைசியில் எஜமானின் மாளிகைக்கு அடியில் 7,000 பேர் அடைபட்டிருப்பது தெரிகிறது. அவர்களில் பலர் அவன் கையால் வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் அத்தனை பேரையும் பலி கொடுத்தால் அவன் வெயிலில் நடக்கலாம், யாருக்கும் பயப்பட வேண்டாம். பட்ட அடிக்கு அது நியாயம் என்று அவன் உண்மையாகவே நம்புகிறான். அங்கே நாம்தான் அவனிடம் பேச வேண்டும். அவன் உங்களுக்கு நெருக்கமானவனாக இருந்தால் அது இன்னும் கடினம். அந்த ரசிகர் கூட்டத்தில் பலர், அவன் கேட்டதைக் கொடுக்காமல் விட்ட பிறகுதான் அவனை அதிகம் நேசித்தோம் என்பார்கள். நானும் அப்படியே.

திருவொற்றியூர் தேரடி எழுதியது:

நான் ஆடுகிறவனில்லை. மகன் ஆடும்போது பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறவன். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

இது ஏதோ வெள்ளைக்காரன் இப்போது கண்டுபிடித்த ரசனை என்று தம்பிகள் நினைத்துவிட வேண்டாம். எங்கள் சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கடைசியில் படுகளம் நடக்கும். துரியோதனனை மண்ணால் மிகப் பெரிய உருவமாகச் செய்து களத்தில் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். வெயில் ஏற ஏறக் கூட்டம் சேரும். பல இரவுகளாகக் கூத்தில் அவன் செய்த அக்கிரமத்தையெல்லாம் பார்த்துக் கொதித்துப் போயிருக்கும் கூட்டம் அது. பீமன் வந்து தொடையைப் பிளக்க வேண்டும், அம்மன் கூந்தலை முடிக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள். அது நடக்கும். குலவையும் கேட்கும். அதன்பின் அவன் வீட்டுப் பெண்களாக வேடம் கட்டியவர்கள் வந்து அந்த மண் மார்பின்மேல் விழுந்து ஒப்பாரி வைப்பார்கள். சற்றுமுன் குலவையிட்ட அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் அதில் ஒருத்தி. “அவன்தான் கெட்டவனாயிற்றே, நீ ஏன் அழுகிறாய்?” என்று கேட்டேன். “கெட்டவன்தான். அதற்காக?” என்றாள்.

அந்த ‘அதற்காக’வுக்குத்தான் நீங்கள் எல்லோரும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

புளியந்தோப்பு 12 தம்பிக்கு: நேர்மையானவனைச் சுவாரசியமாக எழுத முடியும். தருமனை எழுதியிருக்கிறார்களே. அவனும் சூதாடினானே என்றால், நான் என்ன சொல்ல?

ராயபுரத்தான் எழுதியது:

ஐயா, அந்த ஒற்றைச் சொல்லுக்கு எதிரில் என் 40 மணி நேரம் நிற்காது.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் சொல்ல ஆசைப்படுகிறேன். படுகளத்தில் தொடை பிளப்பது பீமன். உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஷேடோ ஆஃப் த கொலோசஸ்’ என்று 2005இல் ஒன்று வந்தது. இறந்த பெண் ஒருத்தியை உயிர்ப்பிக்க 16 பேருருவங்களைக் கொல்ல வேண்டும். அவற்றில் 13ஆவது, பாலைவனத்துக்குமேல் பறந்து திரியும் நீண்ட உருவம். அது ஒருமுறைகூட நம்மைத் தாக்குவதில்லை. நாம்தான் குதிரையில் துரத்திப்போய், அதன் இறக்கையைப் பிடித்து ஏறி, குத்திக் குத்திக் கீழே இறக்குகிறோம். அது விழும்போது வெற்றி இசை எதுவும் இல்லை, சோகமாக ஒன்று ஒலிக்கிறது. அங்கே பீமனும் நாம், ஒப்பாரி வைப்பவரும் நாம். கன்ட்ரோலரைக் கீழே வைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று தெரிந்தும் நான் வைக்கவில்லை. இன்னும் மூன்றுதானே பாக்கி என்றுதான் தோன்றியது.

பெரம்பூர் பாசஞ்சர் எழுதியது:

இந்த இழையைப் படித்த ஒரு கல்லூரித் தம்பி தனிச்செய்தியில் கேட்டார். தன்னிடம் இருப்பது பழைய லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எதிலிருந்து தொடங்கலாம், டாக்கனின் இரகசியம்தான் மேலே வெளிப்பட்டுவிட்டதே, இனி ‘பிளேன்ஸ்கேப்’ ஆடிப் பயன் உண்டா என்கிறார். மூலக்கொத்தளத்தார் பதில் சொன்னால் நல்லது.

மூலக்கொத்தளம் எழுதியது:

தாராளமாக ஆடலாம் தம்பி. 2017இல் அதன் மேம்படுத்திய பதிப்பு வந்தது; உங்கள் லேப்டாப்பே போதும். படிக்க வேண்டிய எழுத்து நிறைய வரும், சண்டை சுமார்தான், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரகசியம் தெரிந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். தேரடி ஐயா ஊரில் துரியோதனன் சாகப்போவது தெரியாமல் யாரும் களத்துக்கு வந்ததில்லை. டாக்கன் கல்வட்டத்தை எடுத்து முதல் தட்டைத் திருப்பிக் காட்டும்போது மட்டும் வசனங்களை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். எல்லாம் தெரிந்த பிறகு, அந்த இடத்தில் என்ன பதிலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இங்கே வந்து சொல்லுங்கள்.